அப்பத்தாவுக்கு என்ன செய்து கொடுக்கலாம்? – கேள்வி பதில்

காரைக்குடியில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஓவியமும் கைவேலையும் சொல்லித்தருகிறேன். லீவு விட்டதும் எல்லோருக்கும் ஒரே யோசனைதான். ஐயாவின் சாந்தி விழா, அக்கா கல்யாணம், தம்பி பிறந்தநாள் என்று ஏதாவது வரும். காசு கொடுத்து வாங்காமல் நாமே செய்தால் என்ன? இந்த முறை வந்த கேள்விகளில் சிலதும் என் பதில்களும் இங்கே.

கேள்வி (பள்ளத்தூர், கல்லூரி இரண்டாம் ஆண்டு): ஐயாவுக்கு 70 ஆகிறது, பீமரத சாந்தி. ஆத்தங்குடித் தரைக்கல் மாதிரி, டம்ளர் வைக்கிற சின்னத் தட்டு ஆறு செய்து கொடுக்க ஆசை. சிமெண்டிலேயே வீட்டில் செய்ய முடியுமா ஆச்சி?

முடியும். ஆனால் முதலில் ஒரு நாள் ஆத்தங்குடிக்குப் போய், பட்டறையில் நின்று பார்த்துவிட்டு வா. அங்கே சூளையே கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் கரைசலை ஊற்றுவார்கள். ஊற்றிய கையோடு அச்சை எடுத்துவிடுவார்கள். அதன் மேல் காய்ந்த சிமெண்டும் மணலும் கலந்து தூவுவார்கள். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டி, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் பளபளப்பாகிறது. மேலே எதுவும் பூசுவதில்லை.

வீட்டிலும் இதே வரிசைதான். வெள்ளைச் சிமெண்ட் 100 கிராமுக்கு ஆக்சைடு நிறப்பொடி 5 கிராம் போதும். நிறம் இன்னும் தூக்கலாக வேண்டும் என்று 10 கிராமைத் தாண்டினால் கல் உதிரும். கையுறை கட்டாயம், சிமெண்ட் தோலை அரித்துவிடும். ஒரு நாள் காய்ந்ததும் கண்ணாடியோடு தண்ணீரில் வை, ஒரு வாரம் தொடாதே. நான் முதல் தடவை மூன்றாம் நாளே பொறுக்காமல் எடுத்தேன், ஆறில் நான்கில் விரிசல் விழுந்தது.

டிசைன் விஷயத்தில் ஒன்று. ஆத்தங்குடிப் பூக்களில் பல, நான்கு கல் சேர்ந்தால்தான் முழுசாகும். தட்டு தனித்தனியாக இருக்கப்போவதால் கால் பூவை மட்டும் போட்டால் அரைகுறையாகத் தெரியும். கால் பாகத்தைக் காகிதத்தில் வரைந்து, அதன் இரண்டு ஓரத்திலும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒவ்வொன்றை ‘ட’ போல நிறுத்திப் பார். முழுப் பூவும் தெரியும். அது பிடித்திருந்தால் முழுசாகவே தட்டில் போடு. எந்தத் தட்டை எந்தப் பக்கம் சேர்த்தாலும் ஓரம் பொருந்தினால் ஐயா டம்ளரை வைக்காமல் அடுக்கி விளையாடிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, எலுமிச்சைச் சாறு சிந்தினால் பளபளப்பு போய்விடும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் அடிக்கடி துடைக்கச் சொல்லிக் கொடு.

கேள்வி (தேவகோட்டை, பத்தாம் வகுப்பு): ஆயாவுக்குக் கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னினேன். பின்னும்போது மூலையில் ஓலை பிளக்கிறது. பின்னி முடித்துக் காய்ந்ததும் இடைவெளி விழுகிறது.

இரண்டுக்கும் காரணம் ஈரம். குருத்தோலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பின்ன வேண்டும். மூலை மடிக்கும்போது விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொள். காயும்போது ஓலை சுருங்கும். அதனால் ஈரத்தோடு இருக்கையில் நெருக்கமாகத் தோன்றுவது போதாது, ஒவ்வொரு சுற்றையும் நகத்தால் இன்னும் தள்ளி இறுக்கு. ஓலைக் கீற்றின் அகலம் ஒரே அளவாக இருக்கிறதா என்றும் பார். கண்ணளவில் கிழித்தால் மூன்றாவது வரிசையிலேயே கோணும்.

பாசிமணி உறை பின்னப் போகிறாயா? கொட்டான் நன்றாகக் காய்ந்த பிறகே அளவெடு. ஆயாவிடமே கேட்டுப் பாரேன், அந்தக் காலத்து ஆச்சிமார்களுக்கு இது பொழுதுபோக்கு வேலை. பரிசு ரகசியம் உடைந்துவிடும், பரவாயில்லை.

கேள்வி (கானாடுகாத்தான், வெளியூரில் படிப்பவர்): எங்கள் வீட்டு வளவில் மாட்டியிருக்கும் பழைய படங்களை ஆல்பமாக்கி அப்பத்தாவுக்குக் கொடுக்க வேண்டும். பர்மாவில் எடுத்தவை சில உண்டு. எப்படி ஸ்கேன் செய்வது?

படத்தை ஃபிரேமிலிருந்து எடுக்கும் முன் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்கவே கூடாது, மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடிக்கு மேலேயே ஸ்கேன் எடுங்கள், அல்லது நிழலில் வைத்து நேராகப் படம் பிடியுங்கள்.

தனியாக வருகிற படம் என்றால் கணக்கு எளிது. 2க்கு 3 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 1200க்கு 1800 புள்ளிகள் கிடைக்கும். 300 டிபிஐயில் அச்சிட்டால் சரியாக 4க்கு 6 அங்குலம். அதைவிடப் பெரிதாக வேண்டுமென்றால் 1200இல் ஸ்கேன் செய்யுங்கள். மூலப் படத்தைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவும் வேண்டாம். ஆல்பத்தில் பிரதிதான் இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியம் பெயர்கள். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று கேட்டு, போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். மூலப் படத்தின் பின்னால் எழுதுவதானால் மெல்லிய பென்சில், அழுத்தாமல். பால்பாயிண்ட் முன்பக்கம் வரை தடம் போடும். பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். ஊரும் காலமும் பல நேரம் அதிலிருந்துதான் பிடிபடும்.

கேள்வி (காரைக்குடி): பழைய கண்டாங்கிச் சேலையை வெட்டிப் பை, குஷன் உறை செய்யலாமா?

கேட்டுவிட்டு வெட்டுங்கள். கல்லூரியில் படிக்கையில் புராஜெக்ட் அவசரத்தில் அப்பத்தாவின் மஞ்சள் கண்டாங்கியைக் கேட்காமல் வெட்டித் தலையணை உறை தைத்தேன். நல்ல மதிப்பெண் வந்தது. வீட்டில் காட்டியபோது அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. உறையை மடித்து, சேலை இருந்த பீரோவில் அதே இடத்தில் வைத்துவிட்டார். எந்தப் பிள்ளையார் நோன்புக்கு, யார் எடுத்துக் கொடுத்த சேலை என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சரி, அனுமதி கிடைத்துவிட்டதா? கொசுவம் வரும் இடம் நைந்திருக்கும், அதைத் தவிர்த்துவிட்டு முந்தானையும் கரையும் எடுங்கள். அரக்கும் கறுப்பும் சாயம் விடக்கூடும். நனைத்த வெள்ளைத் துணியை ஐந்து நிமிடம் அழுத்தி வைத்துப் பாருங்கள். உள்ளே காடா லைனிங் கட்டாயம். கட்டத்தைக் கட்டத்தோடு பொருத்தித் தைக்காவிட்டால் கண்டாங்கிக்கு அழகே இல்லை. நன்றாக இருக்கிற சேலையை வெட்டவே வேண்டாம், 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த துணி அது, கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (மாணவர், ஊர் சொல்லவில்லை): என் அப்பச்சிக்கு எந்தப் பரிசும் பிடிக்காது.

கணக்கு எழுதுகிறவரா? நோட்டுப் புத்தகம் தைத்துக் கொடுங்கள். ஏ4 தாள் நான்கை ஒன்றாக மடித்தால் 16 பக்கம்; அப்படிப் பத்து மடிப்பைச் சேர்த்துத் தையுங்கள், மேஜையில் தட்டையாக விரியும். பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், வீட்டில் வேண்டாம், ஃபெவிகால் போதும்.

கேள்வி (பிளஸ் டூ மாணவி): டிசைன் படிக்கப் போகிறேன் மேடம். வீட்டுக்குச் செய்த பரிசுகளை என் வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் வைத்தால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்காதா?

அக்கா என்றே கூப்பிடு. தாராளமாக வை. ஆனால் அழகாகப் படம் பிடித்த முடிந்த பொருளை மட்டும் வைத்தால் அது கடைப் படம் போலத்தான் இருக்கும். ஆயாவுக்கு மூட்டு வலி, மூடி இறுக்கமாக இருந்தால் திறக்க முடியாது, அதனால் கொட்டான் மூடியை இரண்டு முறை மாற்றினேன் என்று இருந்தால் அந்த இரண்டு தவறான மூடிகளின் படமும் அளவுகளும் வேண்டும். யாருக்காக, என்ன சிக்கல், எதை மாற்றினாய் என்று ஒரு பொருளுக்கு நான்கு பக்கம். பத்துப் பொருள் வேண்டாம், மூன்று போதும். எந்தக் கல்லூரி எதைக் கேட்கிறது என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்.

கேள்வி: அக்கா, சாந்தி நாளைக்கு. ஆறு தட்டில் ஒன்று விரிந்துவிட்டது!

பள்ளத்தூர்தானே? புதிதாகச் செய்ய நேரமில்லை, ஃபெவிகுவிக் போட்டு மறைக்கவும் பார்க்காதே. ஐந்தைக் கொட்டானில் அடுக்கிக் கொடு. ஆறாவது தண்ணீரில் ஊறுகிறது, அடுத்த வாரம் வரும் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டு, இன்று ராத்திரியே கலவையைப் போடு.