எபோலாப் பணியிலிருந்து திரும்பும் தாதியை வீட்டில் சேர்க்கலாமா?

கேள்வி: என் தங்கை ஒரு தாதி. கொங்கோ ஜனநாயகக் குடியரசில் எபோலாச் சிகிச்சை நிலையமொன்றில் சர்வதேச உதவி நிறுவனமொன்றுக்காகப் பணியாற்றிவிட்டு அடுத்த வாரம் கொழும்புக்குத் திரும்புகிறாள். 21 நாட்கள் வேறெங்காவது தனிமைப்பட்டிருந்து, பிசிஆர் அறிக்கையுடன் வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் முகாமைத்துவக் குழு சொல்கிறது. அவள் வேலைசெய்யும் தனியார் வைத்தியசாலை, அந்த நாட்களுக்குச் சம்பளமில்லாத லீவில் நிற்கச் சொல்கிறது. வீட்டில் நீரிழிவுள்ள அம்மாவும் என் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவளை அழைத்துவரலாமா? குழுவுக்கு இப்படித் தடுக்க அதிகாரம் உண்டா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: அழைத்துவரலாம். உங்கள் தங்கைக்குக் காய்ச்சலோ வேறு நோய்க்குறியோ இல்லாமலும், பணியின்போது ஊசி குத்துப்படுதல், நோயாளியின் இரத்தமோ வாந்தியோ கண்ணிலோ வாயிலோ தெறித்தல், பாதுகாப்பு அங்கி கிழிதல் போன்ற விபத்து எதுவும் நேராமலும் இருந்தால், அவர் அம்மாவுடனும் பிள்ளைகளுடனும் ஒரே வீட்டில் இருப்பதற்கு மருத்துவ ரீதியில் தடையில்லை. அத்தகைய விபத்து நேர்ந்திருந்தால் விடை மாறும். அதை விமானம் ஏறுவதற்கு முன்பே அவர் தம் நிறுவனத்துக்கும் இங்குள்ள சுகாதார அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். எங்கே தங்குவது என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். விபத்து இல்லாதவருக்கும் 21 நாள் கண்காணிப்பு உண்டு. அதை ஒப்புக்குச் செய்யும் சடங்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் தொடர்மாடிக்காரர்கள் கேட்பது தீய எண்ணத்தால் அல்ல என்றே நினைக்கிறேன். 2020இல் இந்த நகரம் கற்றுக்கொண்ட பாடத்தை அவர்கள் இன்னொரு நோய்க்குப் பொருத்திப் பார்க்கிறார்கள். வுஹானிலிருந்து வந்த மாணவர்கள் தியத்தலாவையில் தங்கவைக்கப்பட்டதையும், பிறகு முப்படையினர் நடத்திய நிலையங்களில் ஆயிரக்கணக்கானோர் 14 நாட்களைக் கழித்ததையும் கண்டவர்கள் அவர்கள். கொவிட் விடயத்தில் அந்த ஏற்பாட்டுக்கு வலுவான காரணம் இருந்தது: அந்த வைரஸ் நோய்க்குறி தோன்றுவதற்கு முன்பே, சிலரில் நோய்க்குறி தோன்றாமலே, மூச்சுக்காற்றின் வழியாகப் பிறருக்குத் தாவியது. நலமாக நடமாடுபவரை ஒதுக்கிவைத்தால்தான் பரவலைத் தடுக்க முடிந்தது. எபோலா அப்படிப்பட்டதல்ல. உடலில் புகுந்ததிலிருந்து நோய்க்குறி தோன்ற 2 முதல் 21 நாட்கள் ஆகலாம். ஆனால் அது தோன்றும்வரை அந்த நபர் பிறருக்கு நோயைக் கொடுப்பதில்லை. தோன்றிய பின்னரும், நோயாளியின் இரத்தம், வாந்தி, மலம் முதலியவற்றோடு நேரடித் தொடர்பு ஏற்பட்டால்தான் தொற்றும். நோய் முற்ற முற்ற உடலில் வைரஸின் அளவு பெருகுவதால், கடைசிக் கட்டத்தில் பராமரிப்பவர்களுக்கும் இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டுபவர்களுக்குமே ஆபத்து மிக அதிகம்.

மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பெருமளவில் பரவிய 2014இல், அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்தது இதை விளங்கவைக்கும். லைபீரியாவிலிருந்து வந்த ஒருவர் அங்கு நோயுற்றார். முதல் நாட்களில் அவர் உறவினரின் சிறிய அடுக்குமாடி வீட்டிலேயே இருந்தார். அந்த வீட்டில் அவருடன் இருந்தவர்களில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. பின்னர் வைத்தியசாலையில், நோய் உச்சத்தில் இருந்தபோது அவரைப் பராமரித்த தாதியர் இருவருக்கே தொற்றியது. அதே ஆண்டு ஒக்டோபரில், கினியில் எபோலா நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்துத் திரும்பியிருந்த மருத்துவர் கிரெய்க் ஸ்பென்சர் நியூயோர்க்கில் சுரங்க ரயிலில் பயணித்தார், பௌலிங் விளையாடச் சென்றார். மறுநாள் காய்ச்சல் கண்டதும் தாமே அறிவித்து வைத்தியசாலையில் சேர்ந்தார். நகரம் பதறியது, ஆனால் அவரிடமிருந்து ஒருவருக்கும் நோய் பரவவில்லை, அவருடைய வருங்கால மனைவி உட்பட.

அந்தப் பதற்றத்தில்தான் நீங்கள் கேட்கும் கேள்வி பொது விவாதமாக வெடித்தது. ஸ்பென்சருக்கு நோய் உறுதியான மறுநாளே, எபோலா நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்துத் திரும்பும் எல்லோரையும் 21 நாட்கள் கட்டாயமாகத் தனிமைப்படுத்துவோம் என்று நியூயோர்க், நியூ ஜேர்சி மாநில ஆளுநர்கள் அறிவித்தார்கள். அன்றே நூவாக் விமான நிலையத்தில் வந்திறங்கிய தாதி கேசி ஹிக்கொக்ஸ், சியரா லியோனில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பில் பணியாற்றியவர், வைத்தியசாலை வளாகத்துக் கூடாரமொன்றில் அடைக்கப்பட்டார். நெற்றியில் பிடித்த வெப்பமானி காய்ச்சல் காட்டியது; வாயில் வைத்து அளந்தபோது காய்ச்சல் இல்லை; இரத்தப் பரிசோதனையிலும் எபோலா இல்லை. சில நாட்களில் விடுவிக்கப்பட்டு மேய்ன் மாநிலத்திலுள்ள வீட்டுக்குச் சென்றவரை அந்த மாநிலமும் வீட்டுக்குள் அடைக்க முயன்றபோது, நீதிபதி அதை ஏற்கவில்லை: தினசரிக் கண்காணிப்புக்கு உட்பட வேண்டும், பயணம் செய்வதானால் அதிகாரிகளுடன் பேசி ஒழுங்குசெய்ய வேண்டும், நோய்க்குறி தோன்றினால் உடனே அறிவிக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். மக்களின் அச்சம் முழுவதும் பகுத்தறிவுக்கு உட்பட்டதல்ல என்று கூறிய அதே நீதிபதி, அந்த அச்சம் இருப்பது உண்மை, அதை மதித்து நடந்துகொள்ளுங்கள் என்று தாதியிடமும் கேட்டுக்கொண்டார். இரு தரப்புக்கும் இடம் வைத்த அந்தத் தீர்ப்பையே என் ஆலோசனைக்கும் அடிப்படையாகக் கொள்கிறேன்.

கட்டாயத் தனிமைப்படுத்தலை ஆதரித்தவர்களின் வாதத்தில் எனக்குப் பொருட்படுத்தத்தக்கதாகத் தோன்றுவது ஒன்றுதான்: ஒருவர் தம்மைத் தாமே கண்காணிப்பார் என்று எவ்வளவு நம்பலாம்? மேற்கு ஆபிரிக்காவிலிருந்து திரும்பிய அமெரிக்கத் தொலைக்காட்சி மருத்துவ நிருபர் ஒருவர், தாமாக ஏற்றுக்கொண்ட தனிமையை மீறி உணவு வாங்கச் சென்றார். 2014 டிசம்பரில் சியரா லியோனிலிருந்து லண்டன் திரும்பிய ஸ்கொட்லாந்துத் தாதி ஒருவரின் உடல்வெப்பம், பரபரப்பான விமான நிலையச் சோதனையில் உள்ளதைவிடக் குறைவாகப் பதியப்பட்டது. அவர் கிளாஸ்கோ வரை பறந்து மறுநாள் எபோலா நோயாளியாக உறுதிசெய்யப்பட்டார். அந்தப் பயணத்திலும் எவருக்கும் தொற்றவில்லை. ஆனாலும் வாசலில் ஒருமுறை அளப்பதையும் அவரவர் வாய்ச்சொல்லையும் மட்டும் நம்பியிருக்க முடியாது என்பது அதிலிருந்து தெரிகிறது. இதற்குத் தீர்வு கூடாரமல்ல. நாள்தோறும் இன்னொருவர் கேட்டு, பார்த்து, பதிவுசெய்யும் கண்காணிப்பு. மறுபுறம், திரும்பினால் குற்றவாளியைப் போல் அடைக்கப்படுவோம் என்று தெரிந்தால் போகிறவர்கள் குறைவார்கள், போனவர்களும் எங்கிருந்து வருகிறோம் என்பதை மறைப்பார்கள். அந்த மேற்கு ஆபிரிக்கத் தொற்றில் 800க்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்களுக்கு நோய் தொற்றியது, 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆள் குறைந்த அந்த வார்டுகளுக்கு வெளியிலிருந்து எவரும் போகாவிட்டால் நோய் அங்கேயே அடங்கிவிடப் போவதில்லை. யுத்த காலத்தில் பருத்தித்துறை வைத்தியசாலைக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் வந்து நின்றதை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

குழு கேட்கும் பிசிஆர் அறிக்கையைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும்: நலமாக இருப்பவருக்கு எபோலாப் பிசிஆர் எடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. காய்ச்சல் தொடங்கிய பிறகும் முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்தால் நோய் இருந்தும் இல்லையென்று காட்டக்கூடும். அப்படியொரு தாளைக் காட்டி உள்ளே வந்தவரை எல்லோரும் நம்பிக் கண்காணிப்பைக் கைவிடுவார்களானால், அறிக்கையே தீங்காகிவிடும். தடுப்பூசியும் இப்படித்தான், 2019இல் அங்கீகாரம் பெற்ற எர்வெபோ தடுப்பூசி, எபோலாவின் வகைகளில் ஒன்றான சயர் வகைக்கு எதிரானது. அதை அவர் போட்டிருந்தால் நல்லது; ஆனால் 21 நாள் கணக்கு அதனால் குறையாது.

இனி அதிகாரம் பற்றி. இந்த நாட்டில் ஒருவரைத் தனிமைப்படுத்துவதற்கான சட்ட அடிப்படை, 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதிகாரம் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்திடமும் பிரதேசத்துக்குரிய சுகாதார அதிகாரிகளிடமும் இருக்கிறது. வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள் வருவதால் நீங்கள் அணுக வேண்டியது மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தை. தொடர்மாடியின் குழு லிப்டையும் வாகனத் தரிப்பிடத்தையும் பற்றி விதி செய்யலாம். நலமாக இருக்கும் குடியிருப்பாளரை நோய்க் காரணம் காட்டி வாசலில் நிறுத்த முடியாது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பிரசைக்கு நடமாடும் சுதந்திரத்தையும் நாட்டுக்குத் திரும்பும் சுதந்திரத்தையும் தருகிறது. பொதுச் சுகாதாரத்தின் பொருட்டு அவற்றை மட்டுப்படுத்த 15(7) இடமளித்தாலும், அது சட்டத்தின் வழியாக நடக்க வேண்டும்.

தனிமைப்படுத்தல் யார் மீது விழுகிறது என்பதை விஞ்ஞானம் மட்டுமே தீர்மானித்ததில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்துவைக்கப்பட்ட பின்னரே கடல் கடந்தார்கள். நம் காலத்திலும், கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களை, முஸ்லிம்களுடையவற்றையும்கூட, எரிக்கத்தான் வேண்டும் என்ற உத்தரவு, உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தபோதும், 2021 பெப்ரவரி வரை விலக்கப்படவில்லை. ஆகவே ஓர் உத்தரவு வந்தால் அதன் காரணத்தைக் கேட்பது அடங்காமை ஆகாது.

செய்யவேண்டியவற்றுக்கு வருகிறேன். 21 நாட்களை விமானம் தரையிறங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டியதில்லை. சிகிச்சை நிலையத்தில் நோயாளியோடு அல்லது மாசுபட்ட பொருளோடு அவருக்குத் தொடர்பு இருந்த கடைசி நாளிலிருந்து எண்ணுவதே முறை. பலருக்கு இங்கு வந்து சேரும்போதே சில நாட்கள் கழிந்திருக்கும். அந்தக் கடைசி நாளையும், விபத்து எதுவும் நேரவில்லை என்பதையும், தடுப்பூசி விபரத்தையும் குறிப்பிட்டு நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கிவரச் சொல்லுங்கள். கட்டுநாயக்கவில் சுகாதாரப் பிரிவிடம் தாமாகவே சொல்ல வேண்டும். மறுநாளே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, அதாவது உங்கள் பகுதிப் பீ.எச்.ஐ.க்கு, அவர் வந்திருப்பதை அறிவித்து, தினமும் எந்த நேரத்தில் யார் பேசுவார்கள் என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். காலையும் மாலையும் டிஜிட்டல் வெப்பமானியை நாக்கின் கீழ் வைத்து அளந்து எழுத வேண்டும். அளப்பதற்கு முன் பரசிற்றமோல் போடக் கூடாது, போட்டால் காய்ச்சல் மறைந்துவிடும். அளவை நீங்கள் பார்த்து எழுதினால் இன்னும் நல்லது. மலேரியாத் தடுப்பு மாத்திரைகளைச் சொல்லப்பட்ட நாள்வரை விழுங்கி முடிக்க வேண்டும். அந்த நாட்களில் இரத்ததானம் வேண்டாம். நோய்க்குறி இல்லாதவரை தனிப்பாத்திரமோ தனிக்கழிப்பறையோ கட்டாயமில்லை. அம்மாவின் மன நிம்மதிக்காகத் தனி அறை கொடுப்பதில் தவறில்லை.

பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2014இல் தம் பணியாளர்களுக்குச் சொன்னது, தனிமைப்படுத்தி வைக்கும் வசதியுள்ள வைத்தியசாலையிலிருந்து நான்கு மணி நேரத் தூரத்துக்குள் இருங்கள் என்பது. உங்களுக்கு அந்த வைத்தியசாலை அங்கொடையிலுள்ள தொற்றுநோய் வைத்தியசாலையான ஐ.டி.எச். யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறினால் அந்த எல்லை தாண்டிவிடும். ஆகவே நல்லூரில் நேர்த்தி ஏதும் வைத்திருந்தாலும் 21 நாட்கள் முடிந்த பிறகு போகட்டும். கடைத்தெருவுக்கோ கடற்கரைக்கோ போய்வருவதால் எவருக்கும் ஆபத்தில்லை. ஆனால் அயலவர்கள் பதறியிருக்கும் வேளையில் கூட்டமான கல்யாண வீட்டுக்குப் போகாமல் விடுவது நல்ல அயலவரின் இங்கிதம்.

38 பாகைக்கு மேல் காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம், கடுமையான உடல் அசதி இவற்றில் எது வந்தாலும் பக்கத்துத் தனியார் டொக்டரிடமோ, ஆட்டோவில் ஏதோவொரு வெளிநோயாளர் பிரிவுக்கோ போகக் கூடாது. அறைக்குள் இருந்தபடி, கண்காணிக்கும் அதிகாரிக்கு உடனே தொலைபேசியில் சொல்லுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க நேர்ந்தால் எபோலாப் பணியிலிருந்து வந்தவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வாந்தியையோ கழிவையோ வீட்டார் கையால் துடைக்க வேண்டாம். கொங்கோவிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் அது மலேரியாவாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கொழும்பில் டெங்கும் இருக்கவே இருக்கிறது. எனினும் அதை முடிவுசெய்யும் இரத்தப் பரிசோதனை தனிமைப்படுத்தும் வசதியுள்ள இடத்தில்தான் நடக்க வேண்டும். அஸ்பிரின், இபுபுரோஃபன் வகை மாத்திரைகளை அறவே தவிர்க்க வேண்டும். 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்ற நாம், அந்தக் கோணத்திலும் கவனமாக இருக்க வேண்டியவர்கள்.

தங்கை வேலைசெய்யும் வைத்தியசாலையின் நிலைப்பாட்டில் பாதி சரி. 21 நாட்கள் அவரை நோயாளிகளைத் தொடும் பணியில் அமர்த்தாதிருப்பது நியாயமானது. காய்ச்சலோடு வார்டில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டால்கூடப் பிறகு எத்தனை பேரைத் தேடிப் பிடிப்பது? ஆனால் அந்த விலகலின் செலவை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பது என் கருத்து. சம்பளம் பிடித்தால் அடுத்த முறை இன்னொரு தாதி தாம் எங்கே போய் வந்தார் என்பதைச் சொல்லாமலே வேலைக்கு வந்துவிடுவார். நோயாளித் தொடர்பில்லாத வேலை தரும்படியோ சம்பளத்தோடு விலக்கும்படியோ எழுத்தில் கேளுங்கள். அனுப்பிய உதவி நிறுவனத்திடமும் இந்த நாட்களுக்கான கொடுப்பனவு உண்டா என்று விசாரியுங்கள்.

குழுவோடு மோதிக்கொள்வதற்கு முன், மாநகர சபை வைத்திய அதிகாரியையோ பரிசோதகரையோ தொடர்மாடிக்கு அழைத்து அரை மணி நேரம் பேசச் செய்யுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர் சொல்வது எடுபடும். அதையும் மீறி அதிகாரிகளே தனிமைப்படுத்தல் உத்தரவிட்டால் அதற்கு உட்படுங்கள். ஆனால் எந்தக் காரணத்துக்காக, எந்த நாள்வரை, எங்கே என்பதை எழுத்தில் வாங்குங்கள். சர்வதேசச் சுகாதார ஒழுங்குவிதிகளின் 40ஆம் உறுப்புரைப்படி அத்தகைய தனிமைப்படுத்தலுக்குப் பயணியிடம் கட்டணம் அறவிடலாகாது என்பதையும் நினைவூட்டலாம். உத்தரவு அடிப்படையற்றது என்று கருதினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல்செய்ய ஒரு மாத அவகாசமே உண்டு. எனவே சட்டத்தரணியை உத்தரவு கிடைத்த வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.