ரீலோட் செய்த தோட்டாவின் கூடு உடைந்து பாதி பிஸ்டலுக்குள்ளேயே நின்றுவிட்டது. எப்படி எடுப்பது?

முதலில் உங்கள் நண்பர் சொன்ன யோசனையைக் கைவிடுங்கள். “இன்னொரு தோட்டாவை ஏற்றிச் சுட்டால் பழையதும் சேர்ந்து வந்துவிடும்” என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வரலாம். கூடவே வேறு என்னென்ன வரும் என்று அவர் சொல்லவில்லை. மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

நீங்கள் எழுதாததை நானே ஊகித்துக்கொள்கிறேன். 9 மி.மீ. பிஸ்டல். ரேஞ்சில் (சுடும் பயிற்சிக்களத்தில்) பொறுக்கிச் சேர்த்து, மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பிய (ரீலோட் என்பது இதுதான்), எத்தனை முறை சுடப்பட்டவை என்றே தெரியாத பித்தளைக் கூடுகள். ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம், ஒரு விரல் அகலத்துக்கு மூடாமல் நிற்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) காலியாக இருப்பது போலவே தெரிகிறது. இதில் ஏதாவது தப்பென்றால் மன்னிக்கவும். எனக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான், அதனால் உங்களுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

அன்று நாலாவது மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி). சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. முகத்தில் லேசாகச் சூடு அடித்தது, அவ்வளவுதான். அடுத்த தோட்டா ஏறவில்லை. ஸ்லைடு முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. இதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். உள்ளங்கையால் ஸ்லைடின் பின்பக்கம் ஒரு தட்டு தட்டினேன். மூடவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இன்னொரு தட்டு. மூன்றாவதுக்குக் கையை ஓங்கியபோது பின்னாலிருந்து ரேஞ்ச் பொறுப்பாளர் குரல்.

“தம்பி, கையை எடுங்க.”

“அழுக்குதாண்ணே, சிக்கிக்கிச்சு.”

“அழுக்கா இருந்தா நாளைக்குத் துடைக்கலாம். இப்ப கையை எடுங்க.”

பதினைந்து வருடமாகச் சுடுகிறவன் நான். புதிதாக வருகிறவர்களுக்கு “ஸ்லைடு மூடவில்லை என்றால் அடிக்காதே” என்று பாடம் எடுத்தவனும் நான்தான். அப்படி இருந்தும் கை தன் பாட்டுக்குப் போனது.

அவர் சொன்னபடி பேரலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, விரலை டிரிகருக்கு வெளியே நீட்டி, மேகசினை உருவி, ஸ்லைடை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தேன். தோட்டா முழுசாக வெளியே வந்தது. அதன் வாய் ஓரத்தைச் சுற்றி நகத்தால் கீறியது போல ஒரு கோடு. உள்ளே ஏதோ அதைக் கவ்வியிருக்கிறது. எட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இங்கேதான் பலரும் ஏமாந்துபோவார்கள். உடைந்த கூட்டின் முன்பாதி சேம்பர் சுவரோடு ஒட்டிப் படிந்துவிட்டால், அதுவும் சேம்பரின் பகுதி மாதிரியே தெரியும். புகை படிந்திருந்தால் பித்தளை நிறம்கூடத் தெரியாது.

அவர் உள்ளே பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தார். நான் சுட்டுப்போட்ட கூடுகளைக் காலால் ஒதுக்கி, ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். 9 மி.மீ. தோட்டாவின் கூடு 19 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். கையில் இருந்தது அதில் பாதிகூட இல்லை. அடிப்பாகம், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், அதற்கு மேல் கொஞ்சம் சுவர், அதோடு கத்தியால் அறுத்த மாதிரி ஒரு விளிம்பு. மீதி எங்கே என்று கேட்க வேண்டியதே இல்லை.

வீட்டுக்கு வந்து அந்தத் துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. சில வகைக் கூடுகளுக்கு உள்பக்கம் ஒரு படி இருக்கும். அடியில் சுவர் தடிமனாக வந்து, ஒரு இடத்தில் சட்டென்று மெலியும். முதல் தடவை சுடும்போது ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்ப டையில் (கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சில்) நசுக்கி, சுட்டு, விரிந்து, மறுபடி நசுக்கினால் அந்தப் படி இருக்கும் இடத்தில்தான் பித்தளை சோர்ந்துபோகும். ஒருநாள் அங்கேயே சுற்றிலும் பிரிந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. வெடிமருந்து அளவுக்கு மேல் போகவில்லை, எடை சரியாகவே இருந்தது. இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. “டபுள் சார்ஜ் (ஒரே கூட்டில் இரண்டு மடங்கு மருந்து) போட்டிருப்பாய், ஒத்துக்கொள்” என்கிறார்கள். டபுள் சார்ஜ் போட்டிருந்தால் இந்தப் பதிலை இரண்டு கையாலும் தட்டச்சு செய்துகொண்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

சரி, எடுத்த கதை. பேரலைத் தனியாகக் கழற்றினேன். ஸ்லைடுக்குள் இருக்கும்போதே இடுக்கியை விட்டு நோண்டாதீர்கள். சேம்பரில் ஒரு கீறல் விழுந்தால் அதற்குப் பிறகு எல்லாக் கூடும் அங்கேதான் சிக்கும். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க வைத்தேன். ஒரு அசைவும் இல்லை.

அடுத்து, ஃப்ரீசரில் வைத்தால் பித்தளை எஃகைவிட அதிகம் சுருங்கும், தானாகக் கழன்றுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்தேன். சுருங்குவது உண்மைதான். ஒரு டிகிரிக்குப் பித்தளை பத்து லட்சத்தில் 19 பங்கு, எஃகு 12 பங்கு. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 10 மி.மீ. விட்டத்துக்கு 40 டிகிரி குறைத்தால் கிடைக்கும் இடைவெளி 0.003 மி.மீ. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. வீட்டில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் துப்பாக்கிக் குழலை வைத்ததற்காக வாங்கிய திட்டு அதைவிடப் பெரிது.

கடைசியில் வேலை செய்தது ஒரு பிரஷ். 9 மி.மீ. வெண்கல பிரஷ் உள்ளே வழுக்கிக்கொண்டு போய்வந்தது, எதையும் பிடிக்கவில்லை. அதற்கு அடுத்த அளவு, .40 காலிபர் பிரஷ்ஷை சேம்பர் பக்கமிருந்து திருகித் திருகி உள்ளே விட்டேன். முள்கள் எல்லாம் பின்பக்கம் மடங்கிப் படிந்தன. இழுக்கும்போது அவை நிமிரப் பார்த்து, கூட்டின் உள்சுவரில் குத்தி நிற்கும். முதல் இழுப்பில் வெறும் கரி. இரண்டாவதில் ‘கிர்’ என்று ஒரு சத்தம். மூன்றாவதில் ஒரு சின்னக் குழல் பிரஷ்ஷோடு மாட்டிக்கொண்டு வந்தது. 10 மி.மீ. நீளம், மோதிரம் மாதிரி.

இதற்கென்றே உடைந்த கூடு எடுக்கும் கருவி விற்கிறார்கள், ராணுவ ரைஃபிள்களுக்கு அது பழைய பழக்கம். துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்களிடம் இன்னொரு வழி உண்டு. செரோசேஃப் என்ற உலோகக் கலவையை உருக்கிக் கூட்டுக்குள் ஊற்றி, இறுகியதும் முனைப் பக்கமிருந்து தடியால் தள்ளுவார்கள். கொதிக்கும் தண்ணீரின் சூடுகூட வேண்டாம், 70 முதல் 88 டிகிரிக்குள் உருகிவிடும். அதில் ஈயமும் காட்மியமும் இருப்பதால் அடுப்படியில் வைத்துச் செய்கிற வேலை இல்லை.

மரை வெட்டும் டேப்பைத் திருகி, பின்னாலிருந்து தட்டி எடுக்கலாம் என்றும் சொல்வார்கள். நான் அதைச் செய்யவில்லை. விவேகத்தால் இல்லை, டேப் செட்டு என் மச்சானிடம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் “ஒரு நாள் கொடுங்க மாமா” என்று வாங்கிப் போனவர். நடுவில் ஒரு தடவை திருப்பிக் கொடுத்தார், எட்டாம் நம்பர் முனை உடைந்திருந்தது. கேட்டால் “அது ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது” என்கிறார். ஏற்கெனவே உடைந்த டேப்பை எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி யாராவது டப்பாவில் வைத்திருப்பார்களா? பிறகு மறுபடி வாங்கிப் போனார், நானும் கொடுத்தேன், அது என் தவறு. ஆனால் யோசித்தால் இந்த விஷயத்தில் அவர் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். கூட்டின் வாய்ப் பக்கம் சுவர் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. டேப் கொஞ்சம் கூடுதலாகக் கடித்தால் அதைத் தாண்டி சேம்பரில் மரை வெட்டிவிடும்.

“இதெல்லாம் எதற்கு, நேராக கன்ஸ்மித்திடம் கொடுக்க வேண்டியதுதானே” என்று கீழே ஒருவர் கட்டாயம் எழுதுவார். ஐயா, கொடுத்தேன். எடுத்த பிறகு கொடுத்தேன். பேரல் உப்பியிருக்கிறதா, வெடிப்பு உண்டா, கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் வளைந்திருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மறுபடி சுட்டேன். “ரீலோடிங்கே ஆபத்து” என்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைத் தோட்டாவும் உடைந்தது உண்டு.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. “உடைந்து” என்று தலைப்பில் போட்டுவிட்டு, உள்ளே “வெடித்து” என்று எழுதியிருக்கிறீர்கள். எது? எனக்கு நடந்தது நடுவில் பிரிந்தது. அதில் வாயு பெரும்பாலும் முன்னாலேயே போய்விடும். அடிப்பாகம் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் அது வேறு கதை. பல பிஸ்டல்களில் தோட்டா ஏறும் சரிவுக்காகச் சேம்பரின் கீழ் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டியிருப்பார்கள், அங்கே கூட்டுக்குத் தாங்கல் குறைவு. 9 மி.மீ. தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ., கார் டயரில் இருப்பதைப்போல ஆயிரம் மடங்கு. குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் அமுங்கிப்போயிருந்தாலே அழுத்தம் அதையும் தாண்டிவிடும். அப்போது அந்த இடத்தில் கிழிந்து, வாயு கீழ்நோக்கி மேகசின் குழிக்குள் பாயும். மேகசின் தானாகக் கீழே தெறித்ததா? பிடியின் பக்கத் தகடு விரிசல் விட்டதா? கையில் சுருக்கென்று அடித்ததா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நான் மேலே எழுதிய பிரஷ் கதையை மறந்துவிட்டு, பிஸ்டலை அப்படியே கன்ஸ்மித்திடம் கொண்டுபோங்கள். பேரலைக்கூடக் கழற்ற வேண்டாம், அவர் கழற்றட்டும். அந்த மேகசினில் மீந்திருந்த தோட்டாக்களையும் சுடாதீர்கள். உதைப்பில் அவற்றின் குண்டுகள் உள்ளே அமுங்கியிருக்கலாம்.

எப்படி இருந்தாலும் அதே தொகுதியில் நிரப்பியதை எல்லாம் நிறுத்திவையுங்கள். நான் நானூறு தோட்டாக்களை அடிப்பக்கம் பொறித்த தயாரிப்பு முத்திரை பார்த்துப் பிரித்தேன். அந்தப் படி வைத்த வகை இன்னும் பதினொன்று இருந்தது. நிரப்பிய பிறகு உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, முத்திரைதான் ஒரே வழி. பதினொன்றையும் புல்லர் என்ற சுத்தியல் மாதிரியான கருவியில் தட்டிக் குண்டைக் கழற்றி, மருந்தை எடை போட்டேன். எல்லாம் சரியான எடை. கூடுகளை இடுக்கியால் நசுக்கிப் பழைய பித்தளையில் போட்டேன், இன்னொருவர் பொறுக்கி எடுத்துவிடக் கூடாதே.

தரையில் விழுந்த அடிப்பாகம் கிடைத்ததா? கிடைத்திருந்தால் எறிந்துவிடாதீர்கள், விளிம்பு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து இங்கேயே போடுங்கள். சுற்றிலும் சமமாக அறுந்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.