கணவர் குடியை விடமாட்டேன் என்கிறார். நான் மட்டும் அல்-அனான் கூட்டத்துக்குப் போய் என்ன பயன்?

அவர் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் போங்க. குடிப்பவரின் குடும்பத்தாருக்கான அந்தக் கூட்டம் நடப்பதே உங்களுக்காகத்தான்.

குடியை விட நினைப்பவர்களுக்கான ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், குடும்பத்தாருக்கென்று 1951-ல் கட்டி எழுப்பியது அல்-அனான். கணவர் குடியை விட்ட பிறகும் தன் கோபம் அடங்காததைப் பார்த்துத்தான் தனக்கும் உதவி வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. அதனால் உங்கள் வீட்டுக்காரர் இன்னும் குடிக்கிறாரா, நிறுத்திவிட்டாரா என்று அங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் குடிப்பது என் அண்ணன். நானும் நங்கையாவும் (அண்ணன் சம்சாரம்) சேர்ந்தே கூட்டத்துக்குப் போகிறோம். பல்லடம் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு சொந்தம் இருக்கும். "நாளைக்குப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கோணும், வெளிய தெரிஞ்சா என்னாகறது" என்று நங்கையா பயந்தார். அதனால் கோயம்புத்தூர் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம். உங்களுக்கும் அந்தத் தயக்கம் இருந்தால் பக்கத்து ஊருக்குப் போங்க. அங்கே பெயர் மட்டும் சொன்னால் போதும். என்ன குலம், யார் வீட்டு மருமகள் என்ற கேள்வியே வராது. கட்டணம் கிடையாது, முடிந்தவர்கள் ஏதாவது போடுவார்கள். சர்ச் வளாகத்தில் நடந்தாலும் எந்த மதத்தோடும் சம்பந்தம் இல்லை.

ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிட மாட்டார்கள், புத்தியும் சொல்ல மாட்டார்கள். புத்தி சொல்லத்தான் ஊரில் ஆள் நிறைய இருக்கிறதே! "நீ ஒழுங்கா இருந்தா அவன் ஏன் குடிக்கறான்" என்று கேட்டுக் கேட்டுப் புண்பட்டவர்களுக்கு அங்கே கிடைக்கும் பதில் இது: குடிக்கு நீங்கள் காரணமில்லை, அதை உங்களால் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது. இதை மனசு ஏற்றுக்கொள்ள நாளாகும்.

அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. நங்கையாவின் கதையை மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். அண்ணன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் ஞாயிறு முழுக்கக் குடி. திங்கள் காலை "அவருக்குக் காய்ச்சலுங்க" என்று சூப்பர்வைசருக்குப் போன் போடுவது நங்கையாதான். ஒரு திங்கட்கிழமை நம்பரைப் போட்டு, போனை அண்ணன் கையிலேயே கொடுத்துவிட்டு, "நீங்களே பேசிக்கோங்க மாமா" என்று சோற்றுப் போசியைக் கழுவப் போய்விட்டார். அண்ணன் திக்கித் திக்கிப் பேசினார். அப்புறம் கைமாத்துக் கடனை அடைப்பதையும் நங்கையா விட்டார். அண்ணன் இன்னும் விட்டு விட்டுக் குடிக்கிறார்தான். ஆனால் நங்கையா தையலுக்குப் போகிறார், வேளைக்குச் சாப்பிடுகிறார், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது குறைந்துவிட்டது. எனக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் கூட்டம் வைத்தியம் ஆகாது. பல வருஷமாகத் தினமும் குடிப்பவர் பழனிக்கு மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தினால் சந்தோஷப்படுவோம். ஆனால் அதில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. முதல் இரண்டு நாளில் கைநடுக்கம், வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் ஆள் குழம்பிப் பிதற்றலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. டாக்டரைக் கேட்காமல் ரசத்திலோ காப்பியிலோ மாத்திரைப் பொடி கலந்து கொடுக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீங்க. குடியை வெறுக்க வைக்கும் மாத்திரையான டைசல்பிராம் உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, இதயம் வரை பாதிக்கலாம்.

வீட்டில் அடி உதை இருந்தால் கூட்டத்துக்காகக் காத்திருக்காமல் 181-க்குப் பேசுங்க. மனசு தாங்காத நேரத்துக்கு டெலி-மனாஸ் 14416 இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கூட்டம் எங்கே, எந்தக் கிழமை என்பதை உங்கள் பக்கத்து ஏஏ குழுவில் கேளுங்க, தமிழில் நடக்கிறதா என்பதையும் சேர்த்து. முதல் நாள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். ஆறு கூட்டமாவது போய்ப் பார்த்துவிட்டு, அப்புறம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு பண்ணுங்க.