கால்குலஸ் 2: முதல் மிட்டெர்மில் 48, விட்டுவிடலாமா?

கால்குலஸ் 1-ல் ஏ வாங்கியவருக்கு இப்போது கால்குலஸ் 2-ன் முதல் மிட்டெர்மில் (பருவத்தின் நடுவில் வரும் தேர்வில்) 48, வீட்டுப்பாடம் எல்லாம் சரியாகப் போட்டும் இப்படி ஆகிவிட்டதே, பாடத்தை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். அவசரப்படாதீர்கள், நானும் இதே குழியில் விழுந்தவன்தான்.

வீட்டுப்பாடத்தில் 'பகுதித் தொகையிடல்' (பெருக்கலைப் பிரித்துத் தொகையிடும் முறை, integration by parts) என்று தலைப்பே வழியைக் காட்டிவிடும், தேர்வில் தலைப்பு இருக்காது, அங்கேதான் சிக்கல். தொகையிட வேண்டியது எக்ஸ் பெருக்கல் சைன் எக்ஸ் என்றால் பகுதித் தொகையிடல். வெளியே அதே எக்ஸ் இருக்க, சைனுக்குள் எக்ஸ் வர்க்கம் உட்கார்ந்திருந்தால் சாதாரணப் பிரதியிடலே (உள்ளே இருப்பதற்குப் புது எழுத்து வைப்பதே) போதும், பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எல்லாப் பகுதியிலிருந்தும் 20 கணக்குகளைக் கலந்து எடுத்து, தீர்க்காமல், எந்த முறை என்று மட்டும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அப்புறம் முடிவிலித் தொடர்கள், அதாவது முடிவே இல்லாமல் எண்களைக் கூட்டிக்கொண்டே போகும் கணக்குகள், வரும். உறுப்புகள் பூஜ்யத்தை நெருங்கினால் கூட்டுத்தொகையும் ஓரிடத்தில் நின்றுவிடும் என்று நம்பிவிடாதீர்கள். 1 + 1/2 + 1/3 + 1/4... இதில் 1/3, 1/4 இரண்டும் சேர்ந்தால் அரைக்கு மேல், 1/5 முதல் 1/8 வரை சேர்ந்தால் மறுபடி அரைக்கு மேல், இப்படியே அரை அரையாக முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகும். ஆனால் கீழே உள்ள எண்களை வர்க்கமாக்கினால் அது ஒருங்கிவிடும், அதாவது கூட்டுத்தொகை ஓர் எண்ணை நெருங்கி நின்றுவிடும். இந்த இரண்டையும் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் ஒரு தொடரைத் தெரிந்த இன்னொரு தொடரோடு ஒப்பிட்டு முடிவு செய்யும் ஒப்பீட்டுச் சோதனை எதற்கு என்று புரியும்.

பாடத்திலிருந்து விலகுவதற்கான கடைசித் தேதியைச் சிலபஸில் பாருங்கள். இரண்டாவது மிட்டெர்முக்குப் பிறகு என்றால் அதுவரை இருங்கள். சரி, தொகையிடல் விடையின் கடைசியில் '+ C' என்ற மாறிலியைச் சேர்த்தீர்களா? எனக்கு அதிலேயே 6 மதிப்பெண் போனது.