விளையாட்டே தெரியாத ஒருவர் மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டுக்குத் தன்னார்வலராக உதவ முடியுமா?

முடியும். எனக்கும் விளையாட்டு தெரியாது. பள்ளியில் கபடி அணிக்குத் தண்ணீர்க் குடம் சுமந்ததோடு என் விளையாட்டு வாழ்க்கை முடிந்துவிட்டது. நாமக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு அம்மா கடைக்கு வந்து, நான்கு அங்குல பிவிசி பைப் ஆறடி வேண்டும், அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து தர முடியுமா என்று கேட்டார். பைப்பைக் குறுக்கே அறுக்கச் சொல்பவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். "கூரைத் தண்ணீர் விழவா?" என்றேன். "இல்லை அண்ணா, என் பையன் பந்து விளையாட" என்றார். பிளந்ததில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு, மறுபாதி தேவையில்லை என்று கடையிலேயே விட்டுப் போனார்.

அன்று மாலையே, ஆர்வத்தை அடக்க முடியாமல், அவர் வீட்டுக்குப் போனேன்.

பையனுக்கு அப்போது பதினான்கு வயது. மூளை முடக்குவாதம். கை ஒரு பக்கம் போகச் சொன்னால் இன்னொரு பக்கம் போகும். பேச்சு, பழகியவர்களுக்கே பாதிதான் புரியும். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்தால், "மாரியப்பன் மாதிரி வருவான், கவலைப்படாதீர்கள்" என்று ஆறுதல் சொல்வார்கள். பக்கத்துச் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டிக்காரர் அவர், ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியவர், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். பெருமைதான். ஆனால் எழுந்து நிற்க முடியாத பிள்ளையைப் பெற்றவரிடம் போய் உயரம் தாண்டுதலைச் சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார்?

அந்தப் பையன் ஆடிய விளையாட்டின் பெயர் போச்சியா. கோலிக்குண்டு ஆடியவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் கொண்ட தளம். முதலில் வெள்ளைப் பந்தை உருட்டிவிட வேண்டும். பிறகு ஒருவருக்கு ஆறு சிவப்பு, மற்றவருக்கு ஆறு நீலம். வெள்ளைக்கு அருகில் யாருடைய பந்து நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. எதிராளியின் பந்தைத் தட்டிவிடலாம், வெள்ளையையே தள்ளிக்கொண்டு போய் ஆட்டத்தைப் புரட்டிப்போடலாம். 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. ஒலிம்பிக்கில் இந்த ஆட்டமே கிடையாது.

கையால் வீச முடிந்தவர்கள் வீசுவார்கள். முடியாதவர்கள் பிசி3 என்ற வகையில் வருகிறார்கள். அவர்களுக்குத்தான் ரேம்ப்: சாய்வாக நிறுத்திய ஒரு தடம். அந்த அம்மா பிளந்து வாங்கிய பைப் இதற்குத்தான். பந்தை எந்த உயரத்தில் வைப்பது, எந்தக் கோணத்தில் திருப்புவது என்று ஆட்டக்காரர் சொல்ல, உதவியாளர் அப்படியே வைக்க வேண்டும். பந்தை விடுவிப்பது ஆட்டக்காரர்தான். கையாலோ, தலையில் கட்டிய குச்சியாலோ, வாயில் கவ்விய குச்சியாலோ. எங்கள் பையன் தலைக்குச்சிக்காரன்.

என் வேலை பந்து செய்வதில் தொடங்கியது. விலைக்கு வாங்கும் தோல் பந்துகள் எங்கள் கைக்கு எட்டவில்லை. என் மனைவி பழைய ஜீன்ஸ் துணியில் பை தைத்தாள், உள்ளே கேழ்வரகு நிரப்பினோம். விதிப்படி ஒரு பந்து 275 கிராம் அளவில் இருக்க வேண்டும், சுற்றளவு 27 சென்டிமீட்டர். கடையில் ஆணி நிறுக்கும் தராசிலேயே பதின்மூன்றையும் நிறுத்தேன். இரண்டே மாதத்தில் வண்டு வைத்துவிட்டது. பிறகு பிளாஸ்டிக் குருணைக்கு மாறினோம்.

இடம் கிடைப்பதுதான் உண்மையான பாடு. ஒரு உள்விளையாட்டுக் கூடத்தில், சக்கர நாற்காலி தரையில் கோடு போட்டுவிடும் என்று திருப்பி அனுப்பினார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு விளையாட்டைப் பற்றியது. அவர்கள் பங்கேற்க வழி செய்ய வேண்டியது அரசின் பொறுப்பு என்கிறது. மனு எழுதினால் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள், வெறும் கெஞ்சலுக்கு வராத பதில் வரும். நாங்கள் அதுவரை காத்திராமல் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடித்தோம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, எங்களுக்குக் கொண்டாட்டம். தையிலும் ஆவணியிலும் ஞாயிறு ஞாயிறாகத் தாலி கட்டுகிறார்கள், நாங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த மண்டபத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். மூன்று மணி நேரப் பயிற்சியில் எந்தத் தாயும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. கேட்கத் தயங்கி, இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன். கழிவறைக் கதவு இரண்டடி; நாற்காலி உள்ளே போகாது. தண்ணீர் குடித்தால் அப்புறம் என்ன செய்வது? மண்டப முதலாளியிடம் பேசிக் கதவையும் நிலையையும் மாற்றினோம், பொருள் என் கடையிலிருந்து, கூலி அவருடையது. நீங்கள் விளையாட்டு தெரியாதவர் என்றால் தயவுசெய்து இங்கிருந்து தொடங்குங்கள். பயிற்சி சொல்லித்தர ஆள் வந்துவிடுவார்கள். கதவை அளந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

பிறகு ஒருநாள் அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் ரேம்ப் பிடித்தேன். இப்போது வரை நான்தான். அதில் ஒரு விதி இருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது ரேம்ப் உதவியாளர் தளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பந்து எங்கே போனது என்று திரும்பிப் பார்க்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, கண்ணால் ஜாடை காட்டவும் கூடாது. ஈரோட்டில் ஒரு சிறு போட்டியில், பின்னால் கூட்டம் "அடடா!" என்றதும் அனிச்சையாகத் தலையைத் திருப்பிவிட்டேன். எதிராளிக்குத் தண்டனைப் பந்து, அதாவது கூடுதலாக ஒரு பந்து ஆடும் வாய்ப்பு, கிடைத்தது. பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நியாயம்தான். பிள்ளைகளுக்கு உதவ வருகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் ஆட்டத்தை நாம் ஆடிவிடுகிறோம், சோறு ஊட்டுவதில் தொடங்கி எல்லாவற்றிலும்.

முதுகைத் திருப்பி உட்கார்ந்தால் எனக்குத் தெரிவது அவன் முகம் மட்டும். உதட்டைப் பிதுக்கினால் வலது, கண்ணை மூடினால் உயரத்தைக் குறை. என் கடையில் வந்து உட்கார்ந்து பழகியதால் அளவுகூட எங்கள் தொழில் அளவில்தான் சொல்கிறான்: "மாமா, ஒரு நூல் இடது." அரைக்கால் அங்குலத்தைச் சொல்கிறான். அதற்கும் குறைவாக வேண்டும் என்றால் "அரை நூல்". தளத்தின் அந்த முனையில் அது பெரிய வித்தியாசமாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். அவன் குறிபார்க்கும்போது கை தட்டாதீர்கள், கூப்பிடாதீர்கள். திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு முழுவதும் விறைத்து, குச்சி நழுவிவிடும். செல்போனையும் அணைத்துவிடுங்கள். என் போன்தான் இருமுறை அடித்தது.

உங்கள் ஊரில் எங்கே தேடுவது என்று கேட்டால், சிறப்புப் பள்ளிகளையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் விசாரியுங்கள். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்கும் போட்டிகள் உண்டு, அங்கே போய் நின்றாலே பத்துப் பெற்றோர் அறிமுகமாவார்கள். பணத்தைவிட வண்டி பெரிய உதவி. ரேம்பும் நாற்காலியும் பஸ்ஸில் ஏறாது. நாங்கள் என் கடையின் குட்டியானையில்தான் போகிறோம்.

கடையில் விட்டுப்போன அந்த மறுபாதி பைப் ஓராண்டு மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தது. பிறகு ராசிபுரத்திலிருந்து ஒரு பெண் பிள்ளையை அழைத்து வந்தார்கள், அதே பிரச்சினை, அதே தலைக்குச்சி. அவளுக்கு அவள் அப்பா பிடிக்கிறார். போன ஞாயிறு இருவரும் மோதினார்கள். 5-3 என்று அவள் ஜெயித்தாள். ரேம்ப் ஒரு நூல் கோணலாக இருந்தது என்று பையன் என்மேல் பழியைப் போட்டுவிட்டான்.