பல்லும் பயமும் – வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதியவர்களின் உணவு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், பல்வலியை நாம் ஒரு நோயாகவே மதிப்பதில்லை, கிராம்பைக் கடித்துக்கொண்டு நாளைத் தள்ளுகிறோம் என்று சொல்லியிருந்தீர்கள். என் விஷயம் வேறு. நான் மதிக்கத்தான் செய்கிறேன். ஆனால் போக முடியவில்லை. பயம்.

எனக்கு 42 வயது. வங்கியில் வேலை. இரண்டு பிரசவத்தையும் ஒரு அறுவை சிகிச்சையையும் தைரியமாகவே கடந்தவள். ஒன்பது வயதில் கன்னம் வீங்கி, ஒரு பல் மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். ஊசி போட்டுவிட்டுப் பல்லைத் தொட்டார். உயிர் போகிற மாதிரி வலித்தது. கத்தினேன். "ஊசி போட்டாயிற்று, வலிக்காது, நடிக்காதே" என்றார். அப்பா என் கைகளைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் திருமணமான புதிதில் ஒரே ஒரு முறை வேறொருவரிடம் போனேன். ஊசி போட்ட சற்று நேரத்தில் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, எழுந்து ஓடி வந்துவிட்டேன்.

இப்போது இடது பக்கம் மெல்ல முடியவில்லை. மேல்பல் ஒன்று ஆடுகிறது. அதைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்கிறார் என் மாமியார். இதையெல்லாம் விடப் பெரிய கவலை, என் எட்டு வயது மகனுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. அவனை அழைத்துப்போய் வாசலிலேயே நான் நடுங்கினால் அவன் என்ன நினைப்பான்? படித்தவள், விவரம் தெரிந்தவள், எனக்கு ஏன் இப்படி?

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

அன்று உங்களுக்கு வலித்தது உண்மை. நீங்கள் நடிக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடங்களில் யாரும் இதை உங்களிடம் சொல்லவில்லை என்பது கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது.

பல் மருத்துவத்தில் மரத்துப்போவதற்குப் போடும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது லிடோகெயின். 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய மருந்து. அது நரம்பின் உறையைத் தாண்டி உள்ளே போனால்தான் வேலை செய்யும். சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் திசு அமிலத்தன்மை அடைந்துவிடுகிறது. அமிலச் சூழலில் அந்த மருந்தின் பெரும்பகுதி மின்னூட்டம் ஏறிய வடிவத்துக்கு மாறிவிடும். அந்த வடிவத்தால் உறையைத் தாண்ட முடியாது. போதாததற்கு, அழற்சி கண்ட நரம்பு சாதாரண நரம்பைவிட எளிதில் சீண்டப்படும். கன்னம் வீங்கி வந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு ஊசி சரியாகப் பிடிக்காமல் போனதில் வியப்பே இல்லை. பல் மருத்துவம் படிக்கிறவர்கள் கல்லூரியிலேயே கற்கும் பாடம் இது. இப்படிப்பட்ட நேரத்தில் சீழை வடியவிடுவார்கள், சற்றுத் தள்ளி நரம்பு வரும் வழியில் இன்னோர் ஊசி போடுவார்கள், அதுவும் போதாதென்றால் வேறொரு நாள் வரச்சொல்வார்கள். அன்று உங்களைப் பார்த்த மருத்துவரிடம் இத்தனை வழிகள் இருந்தன. குழந்தையின் பேச்சை நம்புவதுதான் இவற்றுக்கெல்லாம் முதல் படி. அது அன்று நடக்கவில்லை.

உங்கள் பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிரசவ வலியைத் தாங்கியவர் ஒரு பல்லின் வலிக்கு அஞ்சுவாரா? வலியைத் தாங்கிக்கொள்ளலாம். வலிக்கிறது என்று சொல்லியும் அது பொய்யாக்கப்பட்டு, வைத்தியம் நிற்காமல் நடந்துகொண்டே போவதைத்தான் தாங்க முடியாது. பிரசவ அறையில் நீங்கள் கத்தியபோது யாரும் நடிக்காதே என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

பல் மருத்துவரின் நாற்காலியில் நம் நிலையை எண்ணிப் பாருங்கள். மல்லாந்து கிடக்கிறோம். முகத்தின்மேல் விளக்கு. எதிரில் நிற்பவர் முகமூடி அணிந்திருக்கிறார். வாயில் பஞ்சு, எச்சிலை உறிஞ்சும் குழாய், கண்ணாடி, இரண்டு பேருடைய விரல்கள். பேசும் உறுப்பிலேயே வைத்தியம் நடக்கிறது என்பதால் பேச முடியாது. வேறு பெரும்பாலான சிகிச்சைகளில், முழு நினைவோடு இருந்துகொண்டே நாம் இப்படி ஊமையாவதில்லை. என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது. காதில் மட்டும் விழுகிறது. துளைக்கும் கருவியின் ஓசை காற்றின் வழியாக மட்டுமல்ல, தாடை எலும்பின் வழியாகவும் நேரே உட்செவிக்குப் போகிறது. 1957இல் விற்பனைக்கு வந்த காற்றுச்சுழலிக் கருவி நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்று வரை சுழன்றது. பழைய மெதுவான கருவிகளின் அதிர்வும் வலியும் அதனால் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அந்தக் கீச்சொலியும் கூடவே வந்தது. இன்றைக்கு அந்த ஒலியைத் தெருவில் கேட்டாலே பலருக்குத் தாடை இறுகிவிடுகிறது.

வலியை ஒழிக்கப் புறப்பட்ட முன்னோடிகளில் பல் மருத்துவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், 1844 டிசம்பரில், சிரிப்பூட்டும் வாயுவைக் காட்டும் ஒரு வேடிக்கை நிகழ்ச்சிக்குப் போனார். வாயுவை முகர்ந்த ஓர் ஆள் தடுமாறிக் காலில் அடிபட்டுக்கொண்டதையும், அவருக்கு அந்த வலியே தெரியாமல் இருந்ததையும் கவனித்தார். மறுநாளே அந்த வாயுவைத் தானே முகர்ந்து, தன் கடைவாய்ப் பல்லைச் சக மருத்துவர் ஒருவரைக் கொண்டு பிடுங்கச் செய்தார். பிறரிடம் சோதிப்பதற்கு முன்னால் தன் பல்லையே கொடுத்த மனிதர் அவர். அவர்மேல் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. அடுத்த மாதம் பாஸ்டனில் மாணவர்கள் முன்னிலையில் செய்துகாட்டியபோது நோயாளி முனகிவிட்டார். கூட்டம் எள்ளி நகைத்தது. 1846இல் அதே நகரில் ஈதரைக் கொண்டு அதைச் சாதித்துக்காட்டிய வில்லியம் மார்ட்டனும் பல் மருத்துவரே. அறுவை சிகிச்சை உலகத்துக்கே மயக்க மருந்தைக் கொடுத்த தொழில் இது. இருந்தும் உலகெங்கும் பலர் இதற்கு அஞ்சுகிறார்கள் என்றால், வலியைத் தாண்டி வேறு ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்?

நார்மன் கோரா என்ற அமெரிக்க ஆய்வாளர் பல் சிகிச்சை பற்றிய அச்சத்தை அளக்க 1969இல் நான்கு கேள்விகளை வகுத்தார். நாளை பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அவருடைய காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும்போது? நாற்காலியில் இருக்கிறீர்கள், அவர் துளைக்கும் கருவியை எடுத்துத் தயார் செய்கிறார், அப்போது? பல்லைச் சுத்தம் செய்யக் கருவிகளை எடுத்து வைக்கும்போது? கவனித்தீர்களா, நான்கில் ஒன்றுகூட வைத்தியம் நடக்கும் நேரத்தைக் கேட்கவில்லை. எல்லாமே அதற்கு முந்திய நேரம். பயம் குடியிருக்கும் இடம் அது. 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அச்சம் மிகுந்தவர்களிடம், சிகிச்சை முடிந்த உடனே எவ்வளவு வலித்தது என்று கேட்டார்கள்; மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டார்கள். இரண்டாவது முறை சொன்ன வலி, உண்மையில் பட்ட வலியைவிட, போவதற்கு முன் எதிர்பார்த்த வலிக்கு நெருக்கமாக இருந்தது. பட்டது மறந்து, பயந்தது நினைவில் நின்றுவிடுகிறது. அதனால்தான் நல்லபடியாக முடிந்த ஒரு சிகிச்சை மட்டும் போதுவதில்லை. அடுத்தடுத்துச் சிறிய, நல்ல அனுபவங்கள் வேண்டும்.

திருமணமான புதிதில் நடந்ததற்கு வருகிறேன். ஊசி போட்ட சற்று நேரத்தில் நெஞ்சு படபடத்தது என்கிறீர்கள். அந்த மருந்தில் மிகச் சிறிய அளவு அட்ரினலின் சேர்ந்திருப்பது வழக்கம். நம் நாட்டில் பெரும்பாலும் 80,000இல் ஒரு பங்கு. ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்து அந்த இடத்திலேயே நெடுநேரம் தங்குவதற்காகச் சேர்ப்பது. அதில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்துவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும். சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். அதைத்தான் நீங்கள் அனுபவித்திருக்கலாம். பயத்தாலும் உடல் தன் அட்ரினலினைச் சுரந்திருக்கும். இரண்டும் சேர்ந்திருக்கவும் கூடும். "ஒரு நிமிடம் படபடப்பாக இருக்கலாம், அது மருந்தின் வேலை" என்று அந்த மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். அட்ரினலின் சேராத மருந்தும் உண்டு. இந்த முறை போகும்போது நடந்ததை அப்படியே சொல்லுங்கள். இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு பயத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் இருக்கும் என்று எண்ணுகிறேன். திட்டு வாங்கும் பயம். "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்? படித்தவர்தானே?" என்ற கேள்வி. பல் விஷயத்தில் மட்டும் நம்மவர்கள் நோயைக் குற்றமாகப் பார்க்கிறார்கள். மிட்டாய் தின்றதற்குத் தண்டனை, தேய்க்காததற்குத் தண்டனை. அவமானப்பட்டவர் இன்னும் தள்ளிப்போடுவார், பல் இன்னும் கெடும், அடுத்த முறை அவமானம் இன்னும் கூடும். பல வாய்களைக் கெடுத்தது இந்தச் சுழல்தான். வீடுகளிலும் நாம் செய்வதைப் பாருங்கள். "சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று சோறு ஊட்டுகிறோம். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே அவரைப் பூச்சாண்டியாக்கிவிடுகிறோம். உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இதில் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன்.

மாமியாருக்கு ஒரு பதில். மேல்பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லைப் பிடுங்குவதால் பார்வை போகாது. மாறாக, மேல்பல்லில் சீழ் பிடித்து அப்படியே விட்டால், தொற்று கன்னத்தின் வழியே கண்ணைச் சுற்றியுள்ள பகுதிவரை ஏறக்கூடும். கண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்தான் பல்லைச் சீக்கிரம் காட்ட வேண்டும். அவரிடம் இதைப் பணிவாகவே சொல்லுங்கள். அவர் சொல்வதும் உங்கள்மேல் உள்ள அக்கறையால்தான்.

திருச்சியில் எனக்குத் தெரிந்த பல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். பயந்து வருகிறவர்களிடம் அவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் ஒன்று சொல்வார்: "இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவேன். காரணம் கேட்கமாட்டேன்." அவர் வேலை செய்வதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர். கருவி பல்லில் பட்ட அடுத்த நொடியே கை உயர்ந்தது. மருத்துவர் கருவியை வெளியே எடுத்து, நாற்காலியை நிமிர்த்தி, தண்ணீர் கொடுத்தார். மீண்டும் தொடங்கியதும் மறுபடி கை உயர்ந்தது. மறுபடி நிறுத்தினார், முகத்தில் சலிப்பே இல்லை. அதற்குப்பின் அந்தக் கை எழவில்லை. "வலித்ததால் தூக்குவதில்லை ஐயா. நான் சொன்னபடி நிறுத்துகிறேனா என்று பார்க்கிறார்கள். தெரிந்துவிட்டால் போதும்" என்றார் பிறகு. ஊசி போடும்போதும் அவரைக் கவனித்தேன். ஈறின்மேல் மரக்கச்செய்யும் பசையைத் தடவிவிட்டு ஓரிரு நிமிடம் காத்திருந்தார். மருந்தை மிக மெதுவாகச் செலுத்தினார். ஊசியின் வலியில் பெரும்பங்கு வேகமாக அழுத்துவதால் வருவது. பிடுங்குவதற்கு முன், "அழுத்துவது தெரியும், அசைப்பது தெரியும், கூர்மையான வலி தெரிந்தால் கையைத் தூக்குங்கள்" என்றார். மரத்த பிறகும் அழுத்தம் தெரியத்தான் செய்யும். அதைச் சொல்லாவிட்டால் ஊசி பிடிக்கவில்லை என்று நோயாளி பதறிவிடுவார்.

மகன் விஷயத்தில் தாமதிக்காதீர்கள். விழப்போகிற பல்தானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆறு வயதையொட்டி முளைக்கும் முதல் கடைவாய்ப் பல் பால்பல் அல்ல. ஆயுளுக்கும் உரிய பல். பால்பற்களுக்குப் பின்னால் ஓசையின்றி முளைத்து நிற்பதால் பெற்றோர் பலருக்கு அது தெரிவதில்லை. அவனுக்குச் சொத்தையானது அதுவாகவும் இருக்கலாம். பால்பல்லே ஆனாலும் கடைவாயில் இருப்பவை பத்து, பன்னிரண்டு வயது வரை அவனுக்கு வேண்டும். சீழ் பிடிப்பதற்கு முன் போனால் ஊசியும் நன்றாகப் பிடிக்கும், வேலையும் சிறிது.

முதல் நாள் வைத்தியம் எதுவும் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து பல்லை எண்ணிக் காட்டினால் போதும் என்று கேளுங்கள். சொல்லிக் காட்டி, கருவியை விரல் நகத்தின்மேல் ஓட்டிக் காட்டி, அதன்பின் செய்வது குழந்தைகள் பல் மருத்துவத்தில் 1959இலிருந்து எழுத்தில் உள்ள முறை. பெரிய நகரங்களில் சில இடங்களில், ஹோரஸ் வெல்ஸ் முகர்ந்த அதே வாயுவை அளவாகக் கொடுத்துக் குழந்தையை அமைதிப்படுத்துவதும் உண்டு. "வலிக்கவே வலிக்காது" என்று அவனிடம் சொல்லாதீர்கள். "எறும்பு கடித்ததுபோல இருக்கலாம், வலித்தால் கையைத் தூக்கு, டாக்டர் நிறுத்துவார்" என்று சொல்லுங்கள். பெற்றோரின் பயம் பிள்ளைகளுக்குத் தொற்றும் என்பது உண்மைதான். அதனால் முதல் முறை அவன் அப்பாவோ சித்தியோ அழைத்துப் போகட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்கு நேரம் குறிப்பதற்குத் தொலைபேசியில் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: சிறு வயதில் ஊசி பிடிக்காமல் பல்லைத் தொட்டுவிட்டார்கள், அதனால் பயம், கையைத் தூக்கினால் நிறுத்துவீர்களா? சிரிக்கிற இடமானால் வேறு இடம் பாருங்கள். நிறுத்துவோம் என்றவரும் சொன்னபடி நிறுத்தாவிட்டால் எழுந்து வந்துவிடலாம். இப்போது உங்கள் கைகளை யாரும் பிடிக்கப்போவதில்லை. காலை முதல் வேளையாகக் கேட்டு வாங்குங்கள், காத்திருக்கும் நேரம் குறையும்.

எந்த மாவட்டத்தில் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். குழந்தைகள் பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர்கள் அங்கே யார் இருக்கிறார்கள் என்று திருச்சி மருத்துவரிடம் விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்.