அலைத்தொட்டியில அலை ஒழுங்கா வரல, என்ன செய்யலாம்?

தம்பி, ஹட்டன்ல இருந்து கடல் பார்க்க மணிக்கணக்கா பஸ்ல போகணும், அதுக்காக வீட்டு பின்னுக்கே 3 மீட்டர் தொட்டி கட்டினீங்களே, நல்ல வேலை. 1:100 அளவுன்னு (கடல 100 மடங்கு சின்னதாக்கி) சொல்லிட்டு அலை எழுப்புற பலகைய மட்டும் கடல்ல உள்ள மாதிரியே 8 செக்கனுக்கு ஒருக்கா ஆட்டுறீங்க, அங்கதான் பிழை. ஃப்ரூட் விதிப்படி (அலைய சின்ன மாதிரியில சரியா காட்டுறதுக்கான விதி) நீளத்த 100ஆல குறைச்சா நேரத்த அதோட வர்க்கமூலம் 10ஆல குறைக்கணும், அப்ப 0.8 செக்கன். 20 சென்டிமீட்டர் தண்ணியில அலைநீளம் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் வரும், தொட்டிக்குள்ள மூணு அலை பார்க்கலாம்.

அலை செவத்துல பட்டு திரும்பி வாறத குறைக்க, கடைசி ஒரு மீட்டர்ல 1:5 சரிவு (5 நீளத்துக்கு 1 உயரம்) போட்டு சல்லிக்கல்லு பரப்புங்க, மேல தேங்காத் தும்பும் போட்டா இன்னும் நல்லம் (நான் கெம்பஸ்ல நேர் செவத்தோட ரெண்டு கிழமை மாரடிச்சேன், சேர் ஒரு வார்த்த சொல்லல). பிறகு தொட்டி நெடுக அலை உயரத்த அளந்து, ஆகக் கூடின உயரத்துக்கும் ஆகக் குறைஞ்ச உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்த ரெண்டோட கூட்டுத்தொகையால பிரிங்க, எவ்வளவு திரும்புதுன்னு தெரியும். ஒவ்வொரு தடவையும் தண்ணி அடங்குற வரைக்கும் பொறுங்க.

காலிப் பக்கம் கடற்கரைக்கு போனா ஒரே இடத்த 11 அலைமுகடு தாண்டுற நேரத்த எடுத்து 10ஆல பிரிங்க, அந்த 8க்கு பதிலா அதப் போடுங்க.